மூடியாச்சு

பஸ் பழுதுபார்க்கும் அந்தப் பணிமனையில் அவரை எல்லோரும் ஜன்னல் மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். கருவி அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதற்கு உள்ளே எப்போதும் அவர். வெளியே நிற்கிறவர்களுக்கு இடுப்புக்கு மேல்தான் தெரிவார்.

"மாமாவுக்குக் காலுன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியலப்பா" என்று டயர்க்காரர் கேலி பண்ணுவார்.

"இருக்கு இருக்கு. உன்னை உதைக்கணும்னு பத்திரமா வெச்சிருக்கேன்" என்பார் இவரும்.

உள்ளே சுவர் முழுக்க ஸ்பேனரும் சுத்தியலும் குறடுமாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவம் கறுப்பு மையில் வரைந்திருக்கும். ஒன்று இல்லை என்றால் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். கருவி கேட்டு வருகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுக்க வேண்டும். இவர் கருவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அது தொங்கிய கொக்கியில் வில்லையை மாட்டுவார். கருவி திரும்பி வந்தால் முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பார், துணியால் ஒரு துடைப்பு, சுவரில் மாட்டுவார், வில்லையைத் திருப்பிக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "மூடியாச்சு" என்பார்.

அந்த ஒரு வார்த்தை காதில் விழாமல் யாரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். உன் கணக்குத் தீர்ந்தது, இனி உன்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று அதற்குப் பொருள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் அது தெரியாமல் தன் பாட்டுக்கு நடந்துவிட, பாதி வழியில் நாலு பேர் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். "போய் மூடிட்டு வாய்யா!"

ஆனால் அந்த வார்த்தையின் ருசி அதற்குப் பிறகுதான் இருந்தது. கையில் கருவி இருக்கும்வரை யாரும் வீட்டுப் பேச்சு எடுக்க மாட்டார்கள். 'மூடியாச்சு' என்று இவர் சொன்னதும், கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டு முழங்கையையும் ஜன்னல் கட்டையில் ஊன்றுவார்கள். அப்புறம்தான் பேச்சு தொடங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் மனக்கசப்பு, தங்கைக்கு வந்த வரன், எல்லாம் அந்தக் கட்டை மேல்தான். யார் போட்ட வழக்கமோ தெரியாது. வேலையை மூடிவிட்டு வாயைத் திறப்பது என்று அங்கே ஆகிவிட்டது.

இவருக்கு உறவு முறையில் அபார ஞாபகம். லேத்காரர் மனைவியும் டயர்க்காரரின் அண்ணியும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் என்பதை அந்த இரண்டு பேருக்குமே இவர்தான் எடுத்துச் சொன்னார். அதுவரை டிபன் டப்பா வைக்கும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், மறுநாளிலிருந்து "சகலை, சகலை" என்று ஒருவர் டப்பாவை இன்னொருவர் திறக்க ஆரம்பித்தார்கள். உண்மையில் சகலை முறை வராது. வந்த பிரியத்தைக் கெடுப்பானேன் என்று இவர் திருத்தவில்லை.

இவருக்கும் சொந்தத்துக்குக் குறைவில்லை. மூன்று தங்கைகள். மூத்தவளைக் கொடுத்த வீட்டில் மாமியார் இவர்களுக்கு ஒன்றுவிட்ட அத்தை முறை. நடுத் தங்கையின் நாத்தனாரைத்தான் கடைசித் தங்கையின் மைத்துனருக்குக் கட்டினார்கள், அதையும் பேசி முடித்தவர் இவரே. இப்படி எல்லோருக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்ததில் தனக்கு ஒன்று போட மறந்துபோனார். ஒருவரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. எல்லாச் சொந்தமும் ஒரு நேரத்தில் வந்தால் உட்கார வைக்க மண்டபம் வேண்டும். ஆனால் சாயங்காலம் மாடி ஏறி அறைப் பூட்டைத் திறந்தால், காலையில் எந்த மடிப்பில் துண்டு கிடந்ததோ அதே மடிப்பில் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைசித் தங்கை போன் பண்ணுவாள். "அண்ணே, சாப்டியா?" என்பாள். பதில் சொல்வதற்குள் அங்கே குக்கர் கூவும். "இரு அண்ணே, வர்றேன்" என்று போவாள். சில நாள் வருவாள். வராத நாளில் அந்த வீட்டுச் சத்தத்தை, பாத்திரம் உருளுவதை, யாரோ யாரையோ அதட்டுவதை, அவர் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தாமாகத் துண்டிக்க மனம் வராது.

ஒரு பழக்கம் அவருக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சமைத்து முடித்துப் பாத்திரத்தைத் தட்டால் மூடும்போதும் "மூடியாச்சு" என்பார். சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பார், யாராவது பேச்சு எடுப்பார்கள் என்பதுபோல.

பணிமனையில் இவருக்கு மிக நெருங்கியவர் வெல்டர். கிட்டத்தட்ட ஒரே வயது. ஊரே மாமா என்று அழைக்க, வெல்டர் மட்டும் 'மச்சான்' என்பார், இவர் 'மாப்ள' என்பார். தினமும் கடைசியாக ஜன்னலுக்கு வருவது அவர்தான். கசடு தட்டும் கூர்மூக்குச் சுத்தியலைக் கொடுத்து மூடிவிட்டு முழங்கையை ஊன்றினால், கேட் மணி அடிக்கும்வரை நகர மாட்டார். பேச்செல்லாம் ஒரே மகனைப் பற்றி. மகன் தானாக ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டு தூரத்து ஊருக்குப் போய்விட்டான். வெல்டரின் மனைவி அவ்வப்போது போய்வருவார். வெல்டர் போகவில்லை.

"அவன் வரட்டும். பெத்தவன் நானா, அவனா?"

"நீதான் பெத்த, ஒத்துக்கறேன். அதனால நீதான் போகணும்."

"உனக்கென்னய்யா, பிள்ளையா குட்டியா, சொல்லிட்டுப் போயிருவ."

"இல்லாததாலதான்யா சொல்றேன். இருக்கறவன் இப்படி வீம்பு பண்ணினா எரிச்சலா இருக்கு."

இப்படியே பேசிப்பேசிக் கரைத்துக்கொண்டு வந்தார். வெல்டரும் கொஞ்சம் இளகினார். "பார்க்கலாம்" என்கிற வரைக்கும் வந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் 'உள்வட்டம்' வந்தது.

உள்வட்டம் என்பது கம்பெனிக்குள்ளேயே எல்லோரும் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு இடம். செல்போனில் பார்க்கலாம், ஷெட்டுக்கு ஒன்று, கருவி அறைக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரும் வைத்தார்கள். மேலே மேலாளரின் வலைப்பூ. அதற்குத் 'திறந்த மனம்' என்று பெயர். வாரம் ஒன்று எழுதுவார். கீழே வரிசையாக "அருமை ஐயா", "மிக அருமை ஐயா" என்று இருக்கும். அதற்கும் கீழே ஒவ்வொரு பிரிவுக்கும் உரையாடல் பலகை. யாருக்கு எது வேண்டுமோ அந்தப் பிரிவில் ஒரு தலைப்பு தொடங்கி எழுத வேண்டும். வேலைக்குச் சம்பந்தமில்லாத தலைப்பைத் தொடங்கக் கூடாது. ஆனால் தொடங்கிய தலைப்புக்குக் கீழே யாரும் எதுவும் பேசிக்கொள்ளலாம்.

இனி ஜன்னலில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அதைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். பக்கத்துச் சுவரில் இரண்டு பக்கமும் கதவுள்ள சின்னச் சின்ன அறைகள். தொழிலாளிகள் அதற்குப் புறாக்கூண்டு என்று பெயர் வைத்தார்கள். பலகையில் எழுதினால் மாமா கருவியை உள்பக்கமாக வைப்பார். எழுதியவர் வெளிப்பக்கமாக எடுத்துக்கொண்டு வில்லையைப் போட்டுவிட்டுப் போவார். திரும்ப வைக்கும்போதும் அப்படியே. கை தெரியும், சில நேரம் சட்டைப் பொத்தான் தெரியும், முகம் தெரியாது.

சொல்லிக்கொடுக்க வந்த கம்ப்யூட்டர் அம்மா இவர் பிரிவுக்கு இவரையே பொறுப்பாக்கி, ஒரு பட்டனைக் காட்டினார். "கருவி திரும்ப வந்ததும் இதை அழுத்திருங்க சார். 'மூடு'ன்னு போட்டிருக்கு பாருங்க."

அதைப் பார்த்ததும் மாமாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அட, நம்ம வார்த்தை! ஜன்னலை அடைத்தாலும் வார்த்தையை விட்டுவைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. லேத்காரர் எழுதினார்: "குறடு வெச்சிட்டேன் மாமா. சின்னவளுக்கு இன்னும் காய்ச்சல் விடல." மாமா குறட்டை எடுத்துத் துடைத்து மாட்டினார், வில்லையைக் கூண்டில் வைத்தார், 'மூடு' என்பதை அழுத்தினார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினார். "காய்ச்சல் எத்தனை நாளா? வாந்தி உண்டா? உன் பெரிய மாமனார் மருந்துக்கடைதானே, கேட்டியா?" எழுதிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. மறுநாளும் பார்த்தார். வரவில்லை.

டயர்க்காரருக்கு எழுதினார், வரவில்லை. பெயின்டருக்கு எழுதினார், வரவில்லை. நாளாக நாளாக அவர்கள் எழுதுவதும் சுருங்கியது. "குறடு வெச்சிட்டேன் மாமா" என்றிருந்தது "குறடு வெச்சாச்சு" என்றாகி, கடைசியில் "குறடு" என்று நின்றது.

எழுத்தில் பேச ஆரம்பித்ததும் இவர்களுக்கு நாம் வேண்டாதவராகிவிட்டோம் என்று மாமா முடிவு பண்ணிக்கொண்டார். போய்க் கேட்கலாம்தான். எதற்குப் பேசவில்லை என்று ஒரு மனுஷரிடம் போய்க் கேட்பது பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது அவருக்கு. இதற்கு நடுவில் மேலாளர் 'திறந்த மன'த்தில், "கருவி அறையைப் பாருங்கள். ஒரு தலைப்பும் திறந்து கிடப்பதில்லை" என்று புகழ்ந்து எழுதிவிட்டார். அன்றைக்குக் கேட்டருகே டயர்க்காரர் இவர் காதுபட, "தள்ளுங்கப்பா, ஆபீசர் வர்றாரு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்துவைத்தார்.

ஒரு நாள் வெல்டரின் சுத்தியல் திரும்பி வந்தது. பலகையில் அவர் எழுதியிருந்தார். "மச்சான், சுத்தியல் வெச்சிட்டேன். ஒரு விஷயம். மகனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. எங்க வீட்டம்மா அங்கதான் இருக்கா. வந்தா வாங்க, வராட்டிப் போங்கன்னு சொல்லிட்டா. போகவா வேணாமா? நீ சொல்லு."

மாமா அதை இரண்டு தடவை படித்தார். இதற்காகத்தானே இத்தனை காலம் தொண்டை வறளப் பேசினார்! சுத்தியலைத் துடைத்தார், மாட்டினார், வில்லையை வைத்தார், மூடினார். மூடிவிட்டு எழுத உட்கார்ந்தார். "போ. இன்னைக்கே போ. பருத்தித் துணியா வாங்கிட்டுப் போ. கைய நல்லாக் கழுவிட்டுத் தூக்கு, உன் கையில எரிஞ்ச வாசனை போகாது. மகன் மூஞ்சியப் பார்க்க சங்கடமா இருந்தா குழந்தையப் பார்த்துக்கிட்டே பேசு. போயிட்டு வந்து சொல்லு." அவர் ஆயுளில் எழுதியதிலேயே நீளமானது அதுதான். எழுதி முடிக்கும்போது கேட் மணி அடித்துவிட்டது.

வெல்டர் பதில் எழுதவில்லை. சரி, போயிருப்பார், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருப்பார், நம் ஞாபகம் எப்படி வரும் என்று இருந்தார் மாமா. ஆனால் மறுநாள் வேலைக்கு வரும்போதே வெல்டரின் கொட்டகைப் பக்கம் நீலப் பொறி பறப்பது தெரிந்தது. கேட்டில் எதிரே வந்த வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மற்றவர்கள் பேசாதது ஒன்று, இது வேறு. அதன் பிறகு வெல்டர் "சுத்தியல்" என்று மட்டும் எழுதினார். மாமா எடுத்துவைத்தார், வாங்கி மாட்டினார், மூடினார். மூடிவிட்டு அன்றன்றைக்கும் ஒரு வரி கேட்டார்: "பேத்தி எப்படி இருக்கா?" பதில் கிடையாது. தங்கைக்குப் போனில் சொல்லலாமா என்று நினைப்பார். அதற்குள் அங்கே குக்கர் கூவும்.

கம்ப்யூட்டர் அம்மா மறுபடி வந்தது இப்படி மூன்று மாதம் போன பிறகுதான். புகழப்பட்ட பிரிவை மற்ற பணிமனைகளுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுக்க வந்தார். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனவர் நின்றார்.

"சார், இதெல்லாம் யாருக்கு எழுதியிருக்கீங்க?"

"அவங்கவங்களுக்குத்தாம்மா. யாரும் பதில் போடறதில்ல."

"எப்படிப் போடுவாங்க? நீங்க மூடிட்டுல்ல எழுதியிருக்கீங்க?"

"ஆமா. மூடிட்டுத்தானே பேசணும்?"

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. தன் செல்போனை எடுத்து அதே பலகையைக் காட்டினார். அதில் தலைப்புகளே இல்லை. "நீங்க மூடினதும் அவங்க பக்கத்துல 'முடிந்தவை'ன்னு உள்ள போயிரும் சார். அதை யாரும் தொறந்து பார்க்கறதில்ல. தொறந்தாலும் எழுத முடியாது. பொறுப்பாளர்ங்கறதால உங்களுக்கு மட்டும்தான் எழுதற கட்டம் இருக்கு." ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். பார்த்தவர்: நீங்கள் மட்டும். அதற்கு அடுத்தது, நீங்கள் மட்டும். பருத்தித் துணி வாங்கிப் போகச் சொன்னதற்கும் நீங்கள் மட்டும்.

மாமா எழுந்தார். கருவி அறைக் கதவைத் திறந்து வேலை நேரத்தில் வெளியே வந்தார். ஷெட்டுக்குள் நடந்தார். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த டயர்க்காரர் தலையை நீட்டி, "டேய், மாமாவுக்குக் கால் இருக்குடா!" என்று கத்தினார். மாமா திரும்பவில்லை.

வெல்டர் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன, ஆபீசரு எறங்கி வந்திருக்காரு?"

"பேத்தியப் பார்த்தியா?"

"ஏன் கேக்கற? நீதான் மூடிட்டியே."

"மூடினா என்னய்யா? என்னைக்கும் மூடிட்டுத்தானே பேசுவோம்?"

வெல்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். "போகவா வேணாமான்னு உன்கிட்டதான் கேட்டேன். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கேள்வியே காணாம போச்சு. சரி, இவனுக்கும் சலிச்சுப் போச்சு, இத்தோட மூடுன்னு சொல்லிட்டான்னு நெனச்சேன்."

"அடப்பாவி, போன்னு எழுதினேன்யா! இன்னைக்கே போன்னு எழுதினேன். கைய கழுவிட்டுத் தூக்குன்னுகூட எழுதினேன்."

"எங்க எழுதின?"

"மூடினதுக்குக் கீழ."

பக்கத்தில் யாரோ என்ஜினை முடுக்கிப் பார்த்து அணைத்தார்கள்.

"இப்பக் கழுத்து நின்னிருச்சாம் மச்சான். வீட்டம்மா சொன்னா" என்றார் வெல்டர் மெதுவாக. "கழுத்து நிக்காத குழந்தையைத் தூக்கற பாக்கியம் போச்சு."

"கழுத்து நின்னா தூக்கறதுக்குப் பயமில்ல. கெளம்பு."

"லீவு?"

"நான் எழுதிப் போடறேன். இப்ப நல்லா எழுத வருது எனக்கு."

வெல்டர் அன்றே கிளம்பினார். மாமா அறைக்குத் திரும்பி, பழைய தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். லேத்காரர் மறுநாள் எழுதினார்: "மாமா, காய்ச்சலைப் பத்திக் கேட்டிருக்கீங்க. அது எப்பவோ சரியாயிருச்சு." அதற்கு மேல் எழுத அவருக்கும் ஒன்றுமில்லை, இவருக்கும் ஒன்றுமில்லை. ஆறிப்போன கேள்விகளுக்கு வந்த பதில்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. டயர்க்காரர் மட்டும், "மன்னிச்சிருங்க ஆபீசர்" என்று எழுதி ஒரு சிரிப்புப் படம் போட்டார்.

வெல்டர் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். புறாக்கூண்டுக்கு வராமல் கதவைத் தட்டி உள்ளே வந்து, நின்றபடியே சொன்னார். "மூக்கு என் மூக்கு மச்சான். பாவம், பொம்பளைப் புள்ளைக்கு இந்த மூக்கு." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்த ஊர்லயும் நம்ம பணிமனை இருக்கு. மாத்தல் கேட்டிருக்கேன். வீட்டம்மாவும் அங்கேயே இருக்கணுங்கறா" என்றார்.

"கேக்க வேண்டியதுதானே. நல்லது" என்றார் மாமா. போ என்று சொன்ன வாய் வேறு என்ன சொல்லும்.

மாற்றல் கிடைத்துக் கிளம்பும் கடைசி நாளும் வெல்டர் பலகையில் எழுதித்தான் சுத்தியல் வாங்கினார். சாயங்காலம் கூண்டு காலியாக இருந்தது. கேட்டுக்கு ஓடிப் பார்த்தார் மாமா. அவர் போய்விட்டிருந்தார். கொக்கியில் வில்லை தொங்கியது.

"மாப்ள, சுத்தியல் உன்கிட்ட இருக்கு" என்று அந்தத் தலைப்புக்குக் கீழே எழுதினார்.

அந்தத் தூரத்து ஊர்ப் பணிமனையிலிருந்து பதில் வந்தது: "தெரியும் மச்சான். குடுத்தா மூடிருவியே."

முதலில் தினம் ஒரு வரி வந்தது. பேத்தி புரண்டாள், பேத்திக்குச் சளி, பேத்தி என் மீசையைப் பிடித்து இழுக்கிறாள். பிறகு நடுவில் நாள் விழுந்தது. பிறகு வாரம். பேத்தி தவழ ஆரம்பித்ததும் தாத்தாவுக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை போல. மாமா கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் அந்தத் தலைப்பைத்தான் முதலில் பார்ப்பார். "பேத்தி நடக்கிறாளா?" என்று கேட்டு வைத்தது அப்படியே இருக்கும். பக்கத்தில் பார்த்தவர் இரண்டு பேர் என்று இருக்கும். பார்த்திருக்கிறார் அல்லவா, அது போதும் என்று கருவிகளைத் துடைக்கப் போவார்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் 'திறந்த மன'த்தில் எழுதினார். "புகழ்பெற்ற கருவி அறையில் ஒரே ஒரு தலைப்பு மட்டும் இத்தனை மாதமாகத் திறந்து கிடக்கிறதே, ஏன்?"

அதற்குக் கீழே "அருமை ஐயா"க்களுக்கு நடுவில் மாமா ஒற்றை விரலால் எழுதினார். "சாமான் இன்னும் திரும்பி வரவில்லை ஐயா. வந்ததும் மூடுவேன்."

அன்றைக்கு மாடி அறைக்குப் போய்ச் சமைத்து இறக்கினார். பாத்திரத்தின் மேல் தட்டை வைத்தார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.